தின்ற தீனி எங்கே போயிற்று?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக நாமக்கல்லுக்குப் போயிருந்தேன். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வாரம் எழுதப் போவது கோழிகளின் சாப்பாட்டைப் பற்றி. "அடாடா, நாங்கள் சைவமாயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்ட இருக்கும் சகோதரிகளே, ஒரு நிமிஷம் பொறுங்கள். கோழியின் தீனித் தொட்டியில் ஆரம்பிக்கிற இந்தச் சமாசாரம், உங்கள் வீட்டு நிலக்கடலை டப்பாவில்தான் வந்து நிற்கப் போகிறது.

நாமக்கல் என்றால் முன்பெல்லாம் ஒற்றைக் கல்லாலான மலையும், அதன் மேல் கோட்டையும், கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற ஆஞ்சநேயரும்தான் நினைவுக்கு வரும். சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த ஊர், 1997-ல் தனி ஜில்லாவாயிற்று. இப்போது ஊரைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீள நீளமான கோழிக் கொட்டகைகள். சாலையில் எதிரே வருகிற லாரியில் முக்கால்வாசி முட்டை அட்டைகள் அடுக்கியது, அல்லது மக்காச்சோள மூட்டை ஏற்றியது. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பிள்ளைகளின் தட்டில் விழுகிற முட்டையும் இந்தப் பக்கத்திலிருந்துதான் ஏராளமாகப் போகிறது.

என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தி மோகனூர் சாலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கல்யாண மண்டபத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்புள்ள, இத்தனை தூரம் வந்துட்டு எங்க ஊட்டுக்கு வராமப் போயிருவியா?" என்றாள். போனேன். காப்பி வந்தது. அவள் வீட்டுக்காரர் மட்டும் உட்காரவே இல்லை. கையில் ஒரு முட்டை அட்டையை வைத்துக்கொண்டு, பரீட்சையில் தவறின பையனைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"விசேசமெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. தீனி அதேதானுங்க. திங்கறதும் அதேதானுங்க. ஒரு குத்துக்கூட மிச்சம் வெக்கிறதில்லை. முட்டை மட்டும் எளைச்சுப் போச்சுங்க. தின்ன தீனி எங்க போகுதுன்னே தெரியலீங்க."

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. நமக்கும் அது பழக்கமான கேள்விதானே? "வேளை தவறாமல் சாப்பிடுகிறான். உடம்பில் ஒட்டவே மாட்டேன் என்கிறதே!" என்று எத்தனை தாய்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்!

முட்டையிடுகிற கோழி ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தீனி தின்கிறது. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் இவையெல்லாம் கலந்த கலவை. அதில் ஏறக்குறைய 18 கிராம் புரதம். அந்த 18 கிராமில் ஆறு கிராம் போல மறுநாள் காலையில் ஒரு முட்டையாக உருண்டு வந்து கம்பிச் சரிவில் நிற்க வேண்டும். மிச்சம் கோழியின் சொந்தச் செலவுக்கும், கொஞ்சம் வீணாவதற்கும். பெட்டிக்கடைக் கணக்கைப் போலச் சின்னக் கணக்குதான். ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருப்பவருக்கு, ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கிராம் குறைந்தால் அது சின்னக் கணக்கில்லை. சிறு முட்டைக்குச் சிறு விலை. பாங்க் கடனோ சிறுக்காது.

சிநேகிதியின் வீட்டுக்காரர் கால்நடை வைத்தியரை வரவழைத்திருந்தார். அவர் செத்துப்போன கோழி ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறார். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறி மஞ்சளாக, வெண்ணெய் தடவினது போல் இருந்ததாம். உடனே அவர் கோழியை விட்டுவிட்டு, "மக்காச்சோளம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். கோடவுனில் அடிவரிசை மூட்டைகளைப் பிரித்தால், மணிகளின் முனையில் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம். கோடவுன் தரை ஈரம் காத்த தரை. மழை நேரத்தில் வந்த சரக்கு வேறு.

பூசணம் என்றால் நமக்குத் தெரியாததா? ஊறுகாயின் மேல் படர்கிறது, ரொட்டியில் பூக்கிறது. சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். ஆனால் சில ஜாதிப் பூசணங்கள் தாம் வளர்கிற தானியத்துக்குள் ஒரு விஷத்தை ஊற விட்டுவிடுகின்றன. பூசணத்தைத் துடைத்தாலும் விஷம் உள்ளே இருக்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வேக வைத்தாலும் போகாது.

அந்த விஷம் கோழியின் குடலில் என்ன செய்கிறது என்பதுதான் இந்த விவகாரத்தில் ருசியான பகுதி. அதற்கு முன், நல்ல நாளில் குடலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

புரதம் என்பது ஒரு மணிமாலை. இருபது வகை மணிகள். அந்த மணிகளுக்குத்தான் அமினோ அமிலம் என்று பெயர். பருப்பிலே ஒரு விதமாகக் கோத்திருக்கும், முட்டையிலே வேறு விதமாகக் கோத்திருக்கும். மாலையை மாலையாகவே உடம்பு வாங்கிக்கொள்ளாது. இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஜீரண நீர்கள் நூலை அறுத்து மணிகளை உதிர்க்கின்றன. உதிர்ந்த மணிகளும், இரண்டு மூன்று மணி ஒட்டிக்கொண்டிருக்கிற சிறு துணுக்குகளும் குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போகவேண்டும். போனால்தான் அங்கே வேறு மாலை கட்டலாம். கோழிக்கு முட்டை, குழந்தைக்குச் சதை, நமக்குத் தலைமுடி.

குடலின் சுவர் வழவழப்பான ரப்பர் குழாய் அல்ல. நல்ல ஜமக்காளத்தைத் தடவிப் பார்த்தால் கையில் படுமே, அந்த மாதிரி கோடிக்கணக்கான சின்னஞ்சிறு விரல்கள் எழும்பி நிற்கின்றன. குடலுறிஞ்சிகள் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த விரல்களைப் போர்த்தியிருக்கிற மெல்லிய தோலில், ஒவ்வொரு ரக மணிக்கும் ஏற்ற வாசல்கள் இருக்கின்றன. பல வாசல்களில் ஒரு வேடிக்கையான சட்டம் உண்டு. அமினோ அமிலம் தனியாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். உப்பில் இருக்கிற சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்களே, அதுவும் இந்த மாதிரி வாசல் ஒன்றை நம்பித்தான். சர்க்கரையும் சோடியமும் ஜோடியாகப் போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகிறது.

இன்னொரு விஷயம். குடலின் உள்தோல் நிரந்தரமானதல்ல. நாம் வாசலில் போடுகிற கோலம் மாதிரி அது அழிந்து அழிந்து புதிதாகிறது. சில நாட்களுக்கு ஒருமுறை பழைய அணுக்கள் உதிர்ந்து போக, அடியிலிருந்து புதியவை மேலே வருகின்றன. புது அணு வந்தால் புது வாசல்களும் செய்யவேண்டும். வாசல்களும் புரதம்தான்! ஆகவே குடலுக்குள்ளே இரவு பகலாக ஒரு மாலை கட்டும் பட்டறை நடந்துகொண்டேயிருக்கிறது.

இப்போது விஷம் வருகிறது. ஃபுசேரியம் என்றொரு பூசண ஜாதி. வயலிலேயே கதிரைப் பிடித்துக்கொள்ளும். அது ஊற வைக்கிற விஷங்களில் ஒன்றுக்கு வாயில் நுழையாத பெயர். 'டான்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அது நேராகப் போய் அந்தப் பட்டறையின் கையைப் பிடித்துவிடுகிறது. மாலை கட்டுவது நிற்கிறது. உதிர்கிற அணு உதிர்ந்துகொண்டேயிருக்கும், வருகிற அணு வராது. விரல்கள் குட்டையாகின்றன. வாசல்கள் குறைகின்றன. உள்ளே மணிகள் ஏராளமாகக் கொட்டிக் கிடக்க, கதவு இல்லாமல் அவை வெளியே போய்ச் சேருகின்றன, எச்சத்தோடு.

ஆஸ்திரியா தேசத்தில் வியன்னா நகரத்துக் கால்நடை வைத்தியச் சர்வகலாசாலையில் இதை அழகாகப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். முட்டைக் கோழியின் சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, இரண்டு சிறு அறைகளுக்கு நடுவே திரை மாதிரி கட்டி, ஒரு பக்கம் புரோலின் என்கிற அமினோ அமிலத்தை விட்டார்கள். அமினோ அமிலம் சோடியத்தோடு ஜோடியாகத் திரையைத் தாண்டும்போது நுண்ணிய மின்சாரம் உண்டாகும், கருவியின் முள் எழும்பும். முதலில் எழும்பியது. பிறகு இன்னொரு துண்டில் 'டான்' விஷத்தை முன்னதாக விட்டுவிட்டு, அதே புரோலினைச் சேர்த்தார்கள். முள் எழும்பவில்லை. 2005-ல் இதைப் பிரசுரித்தார்கள். குடல் நைந்துபோவதற்குக்கூட அவகாசமில்லை. விஷம் தொட்ட மாத்திரத்திலேயே வாசல் மூடிக்கொண்டது என்று அர்த்தம். 'தின்ன தீனி எங்க போகுது' என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை அந்த முள்ளில் இருக்கிறது.

மறு பாதி விடை அஃப்ளாடாக்ஸின் என்கிற வேறொரு விஷத்தில் இருக்கிறது. அந்த மஞ்சள் ஈரலைச் செய்தது அதுதான். இதன் கதை பிரசித்தம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் மடிந்து விழுந்தன. என்ன வியாதி என்று புரியாமல் 'எக்ஸ் வியாதி' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் அகப்பட்டது குற்றவாளி. அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணத்தின் பெயரிலேயே முதலெழுத்தையும் அடுத்த பெயரின் தலையையும் சேர்த்து அஃப்ளாடாக்ஸின் ஆக்கினார்கள். புற ஊதா விளக்கின் கீழ் ஒரு வகை நீலமாகவும் ஒரு வகை பச்சையாகவும் ஒளிர்கிறது. பார்க்க மட்டும் தீபாவளி மத்தாப்பு.

அஃப்ளாடாக்ஸினின் வேலை ஈரலில்தான் அதிகம். ஆனால் குடலையும் அது சும்மா விடுவதில்லை. கணையத்திலிருந்து வரவேண்டிய ஜீரண நீர்களின் வீரியம் குறைகிறது. அப்போது மாலையின் நூலே சரியாக அறுபடாது. மணிகள் உதிர்ந்தால்தானே வாசலுக்கு வர! தப்பித்தவறி உள்ளே போய்ச் சேர்ந்த மணிகளிலும் ஈரல் பங்கு கேட்கிறது. மெத்தியோனின் என்று ஒரு மணி. தானியத் தீனியில் எப்போதுமே பற்றாக்குறையாக இருப்பது இதுதான், விலை கொடுத்துத் தனியாக வாங்கித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். விஷத்தைக் கட்டி வெளியே தள்ளுவதற்கு ஈரலுக்குக் கந்தகம் உள்ள சரக்கு வேண்டும். அதை இந்த மெத்தியோனினிலிருந்துதான் எடுக்கிறது. முட்டைக்கு வைத்திருந்த மணி, விஷத்துக்குக் கூலியாகப் போய்விடுகிறது. ஒரு மணி தட்டினாலும் மாலை அந்த இடத்திலேயே நின்றுவிடும் அல்லவா? மற்றப் பத்தொன்பதும் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை.

"அப்படியானால் அந்த முட்டையைத் தின்கிற எங்கள் கதி?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கோழி ஒரு நல்ல வடிகட்டி. தீனியில் இருக்கிற அஃப்ளாடாக்ஸினில் முட்டைக்கு வருவது ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. முட்டையைக் கண்டு பயப்படவேண்டாம். கஷ்டம் கோழிக்கும் கோழிக்காரருக்கும்தான். பசு மாடு அவ்வளவு நல்ல வடிகட்டி இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கோழியை விட்டு மனுஷர் பக்கம் வருவோம். நம் தேசத்தில் இந்த விஷம் உயிர் குடித்திருக்கிறது. 1974-ம் வருஷக் கடைசியில் ராஜஸ்தானத்தின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் ஜில்லாக்களில் மக்காச்சோளமே சோறாக உள்ள மலைவாசிக் கிராமங்களில் காமாலையும் வயிற்று வீக்கமும் பரவின. நாய்களுக்கும் அதே நோய் வந்தது. அவையும் அதே ரொட்டியைத் தின்றவைதானே! அறுவடைக்குச் சமீபத்தில் காலம் தப்பி மழை பெய்து, நனைந்த கதிரை அப்படியே வீட்டில் போட்டு வைத்திருந்தார்கள். 397 பேர் நோயுற்று 106 பேர் இறந்தார்கள்.

இதை ஆராய்ந்து சொன்னது ஹைதராபாத் தேசியப் போஷாக்கு நிலையம். அந்த நிலையத்தைப் பல வருஷம் தலைமை வகித்து நடத்தியவர் டாக்டர் சி. கோபாலன், 1918-ல் சேலத்தில் பிறந்தவர். நம் பக்கத்து மனிதர். நூறு வயது நிறைந்து 2019-ல் காலமானார். இங்கிலாந்து வான்கோழிச் செய்தி வந்த சில வருஷங்களுக்குள்ளேயே, 1965-ல், அவரும் டாக்டர் மாதவனும் எலிகளை வைத்து ஒரு பரீட்சை செய்தார்கள். சில எலிக் குட்டிகளுக்குப் புரதம் நிறைந்த ஆகாரம், சிலவற்றுக்குப் புரதம் குறைந்த ஆகாரம். இரண்டுக்கும் அஃப்ளாடாக்ஸின். புரதம் குறைந்த குட்டிகளின் ஈரல்தான் மோசமாகக் கெட்டது.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. யோசித்துப் பாருங்கள். பூசண விஷங்கள் புரதத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. புரதம் சேராத உடம்பை விஷம் இன்னும் பலமாக அடிக்கிறது. இருக்கிறவர்களை லேசாகத் தட்டுகிறது, இல்லாதவர்களைக் கீழே தள்ளுகிறது. கடனுக்கு வட்டி, வட்டிக்குக் கடன் என்பது போல.

இந்தப் பாவத்தில் நல்லவர்கள்கூட மாட்டிக்கொண்டதுண்டு. மைசூரில் புரதக் குறைவால் இளைத்திருந்த குழந்தைகளுக்குத் தேறட்டும் என்று கடலை மாவு கொடுத்தார்கள். அந்த மாவில் அஃப்ளாடாக்ஸின் இருந்தது பிறகுதான் தெரிந்தது. சில குழந்தைகளின் ஈரல் கெட்டதைப் பற்றி 1971-ல் வைத்தியப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. கொடுத்தவர்களின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

குடலைப் பிடித்த நிகழ்ச்சியும் உண்டு. 1995-ல் தக்காணத்துக் கிராமங்கள் சிலவற்றில், மழையில் நனைந்து பூசணம் பூத்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுவலி, வயிற்றில் கடமுடா, பேதி. ஃபுமோனிஸின் என்ற விஷம் காரணம். ஆராய வந்தவர்கள் அந்த வீடுகளின் தானியத்தை எடுத்துப் போய் ஒரு நாள் வயதுள்ள கோழிக் குஞ்சுகளுக்குப் போட்டார்கள். குஞ்சுகளுக்கும் பேதி கண்டது. கோழிக்குடலும் நம் குடலும் இந்த விஷயத்தில் பங்காளிகள்.

நீங்கள் பட்டணத்தில் இருக்கிறீர்கள். அரிசி பையில் வருகிறது, மக்காச்சோளம் பொரியாக வருகிறது. அப்படியிருக்க இதெல்லாம் யாருக்கு என்று தோன்றலாம். வீட்டில் குழந்தைக்குச் சத்துமாவு அரைக்கிறீர்களா? கேழ்வரகு, கம்பு, மக்காச்சோளம், பொட்டுக்கடலை, நிலக்கடலை, பாதாம். அதில் ஒரு கைப்பிடி கடலை சொத்தையாக இருந்தால், அரைத்த பிறகு யாருக்குத் தெரியும்? வெல்லமும் ஏலக்காயும் அதன் கசப்பை மறைத்துவிடும். புரதம் சேரட்டும் என்று நாம் ஆசையாகக் கரண்டியில் எடுப்பதும், அது சேராமல் தடுப்பதும் ஒரே கரண்டியில் வரக்கூடும்.

ஆகவே கடலையை மிஷினுக்குக் கொடுக்கும் முன் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, வெளிச்சத்தில் உட்கார்ந்து பொறுக்குங்கள். சுருங்கினது, தோல் கறுத்தது, முளை விட்டது, உடைந்தது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் தள்ளுங்கள். அஃப்ளாடாக்ஸின் எல்லாக் கடலையிலும் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரத்தில் ஒன்றிரண்டில் குவிந்து கிடக்கும். அதனால் பொறுக்குவது வீண் வேலையல்ல. நம் பாட்டிமார்கள் மத்தியானம் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்தது இதைத்தான். ஒரு கடலை வாயில் கசந்தால் மரியாதை பார்க்காமல் துப்பிவிடுங்கள். வறுத்தால் விஷம் கொஞ்சம் குறையும், தீராது. கழுவினால் தீராது. தள்ளின சொத்தையைக் 'காக்கைக்கு ஆகட்டும்' என்று மொட்டை மாடியில் போடாதீர்கள். காக்கைக்கும் குடல் இருக்கிறது.

மிளகாய் வற்றல், மல்லி, கொப்பரைத் தேங்காய் இவற்றிலும் பார்வை இருக்கட்டும். கொப்பரையில் பூசணம் பிடித்த பாகத்தைச் செதுக்கிவிட்டு மிச்சத்தை எண்ணெய்க்குக் கொடுக்கிற வழக்கம் வேண்டாம். கடலை எண்ணெய் பற்றிக் கேட்பீர்கள். விஷத்தில் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடுகிறது. வடிகட்டாத செக்கு எண்ணெயின் கசண்டில் கொஞ்சம் தங்கும். கடலை எண்ணெயை வெயிலில் வைத்தால் அதில் உள்ள அஃப்ளாடாக்ஸின் சிதைகிறது என்று மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1977-ல் கண்டு சொன்னார்கள். புது எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிட்டு எடுக்கிற பழைய வழக்கம் இனி நாகரிகம்! (கடலையையே வெயிலில் போட்டால் போதாதா என்றால், போதாது. பருப்புக்குள்ளே வெளிச்சம் நுழைவதில்லை. காய வைப்பது பூசணம் வராமலிருக்க மட்டும்.)

இட்லி மாவு புளிப்பதைப் பார்த்து யாரும் பயந்துவிடாதீர்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் வேறு, அவர்கள் நம் கட்சி.

பசு மாடு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மாட்டுக்குப் பூசணம் பிடித்த புண்ணாக்கோ, சோளமோ, சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வருகிற மரவள்ளித் திப்பியோ கெட்டுப்போனதாகக் கொடுத்தால், அதில் இருக்கும் அஃப்ளாடாக்ஸினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டுச் சட்டம். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கிட்டதில் ஒரு பங்கு. அத்தனை சிறு அளவுக்கே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சிநேகிதி வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். அவள் வீட்டுக்காரர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி கொண்டுபோனார். ஒரு மூட்டையில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனால் பயனில்லை என்பதால், பல மூட்டைகளில் மேலும் நடுவும் அடியுமாக எடுத்துக் கலந்து கொண்டு போனார். நான் ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் சிநேகிதி டெலிபோனில் கூப்பிட்டாள். அடிவரிசை மக்காச்சோளத்தில் விஷம் நிறைய இருப்பதாக முடிவு வந்ததாம். கோடவுனில் மரச்சட்டம் அடித்து, அதன் மேல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மணியைப் பல்லில் கடித்து, 'கடுக்' என்று உடைகிறதா என்று பார்த்துத்தான் லாரியை உள்ளே விடுகிறார்கள். ஈரம் நூற்றுக்குப் பதினாலுக்கு மேல் காட்டினால் லாரி அப்படியே திரும்பிப் போகிறது. விஷத்தைப் பிடித்துக்கொள்கிற களிமண் பொடியும் தீனியில் சேர்க்கிறார்கள். அது அஃப்ளாடாக்ஸினை நன்றாகப் பிடிக்கும், 'டான்' மாதிரி விஷங்களை அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் நல்ல சரக்கு வாங்குவதற்குப் பதிலாக அது ஆகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். முட்டை மெல்ல மெல்லப் பழைய எடைக்கு வந்துகொண்டிருக்கிறது.

"அந்தக் கெட்ட மூட்டையெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னாள். ஒரு வியாபாரி வந்தாராம். பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். மாட்டுத் தீவனத்துக்குக் கலந்துவிட்டால் யாருக்கும் தெரியாது, எல்லாரும் செய்வதுதான் என்றாராம். முப்பது மூட்டை. முட்டை எளைத்துப்போன மாதத்தில் அந்தப் பாதி விலையும் பெரிய பணம்தான். வீட்டுக்காரர் சரி என்கிற மாதிரி இவள் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"அப்புறம்?"

"அப்புறமென்ன புள்ள! எங்க மருமக அன்னிக்குத்தான் பேரனுக்குப் பால் பாக்கெட்டைக் கத்தரிச்சு ஊத்திக்கிட்டு இருந்தா. நான் அதைப் பார்த்தேன், அவங்களும் பார்த்தாங்க. 'ஏனுங்க, தென்னைக்குப் பக்கத்துல குழி வெட்டிப் புதைச்சுருங்க'ன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் ஊட்டுல யாரும் பேசிக்கலை."

"மூணாவது நாள்?"

"மூணாவது நாள் ஆள் வெச்சு வெட்டினாங்க. அந்த வியாபாரி போகும்போது, பக்கத்துத் தோட்டத்துல எவ்வளவு கெடக்குதுன்னு விசாரிச்சுட்டுத்தான் போனார்."